சுவிஸ் ஊர்ப்புறக் குளிர்காலமும் வீட்டு விலங்குகளும்

சுவிட்சர்லாந்தின் ஊர்ப்புறங்களில் நவம்பர் முதல் மார்ச் வரை நீளும் குளிர்காலம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆல்ப்ஸ் மலையூர்களில் ஆழ்ந்த பனியும் பனிச்சரிவும். பெர்ன், லூசர்ன், ஆர்காவ் பக்கத்து நடுச் சமவெளியில் நாள்கணக்கில் கலையாமல் கவிந்து நிற்கும் மூடுபனியும் ஈரமும். மேற்கே ஜூரா மலைத்தொடரில் காற்று அசையாமல் உறையும் கடுங்குளிர். ஜூராவில் சுமார் 1,040 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் மேடு சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது லா பிரெவின் என்னும் சிற்றூர். இரவில் கனத்து இறங்கும் குளிர்காற்று வெளியேற வழியின்றி அங்கேயே தேங்குகிறது. 1987 ஜனவரி 12 அன்று அங்கே மைனஸ் 41.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. ‘சுவிட்சர்லாந்தின் சைபீரியா’ என்று அந்த ஊரைச் சொல்வது இதனால்தான். அந்தக் குளிரிலும் அங்கே மாடு இருந்தது, நாய் இருந்தது, பூனை இருந்தது.

விலங்குகளைப் பொறுத்தவரை இந்த வட்டார வேறுபாடு முக்கியமானது. மயிர் அடர்ந்த நாயும் முயலும் உலர்ந்த குளிரை நன்றாகவே தாங்கும். ஈரமும் குறுக்குக் காற்றும் சேர்ந்தால் தாங்காது. மைனஸ் 15 டிகிரியில் வெயிலடிக்கும் எங்கடீன் பள்ளத்தாக்கில் பனியில் துள்ளித் திரியும் விலங்கு, பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலையில் எந்நேரமும் ஈரம் கசியும் சமவெளி ஊரில் நோயில் விழக்கூடும். அனுபவமுள்ள வீட்டார் வெப்பமானியைப் பார்ப்பதற்கு முன் கூட்டிலிருக்கும் வைக்கோலைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

இந்நாட்டில் மனிதரும் விலங்கும் ஒரே கூரையின் கீழ்க் குளிர்காலத்தைக் கழித்த வரலாறு கட்டடங்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எம்மென்டால் பகுதியின் பண்ணை வீட்டில் குடியிருப்பு, மாட்டுத் தொழுவம், உலர்புல் பரண் மூன்றும் ஒரே பெருங்கூரைக்குள் அடக்கம். கூரையின் விளிம்பு தரையை நெருங்கும் அளவுக்குத் தாழ்ந்து வரும். மேலே அடுக்கிய உலர்புல் மாட்டுக்கு ஐந்தாறு மாதத் தீனி; அதே நேரத்தில் கீழே வாழ்பவர்களுக்கு வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் போர்வை. கறவை மாடு ஒன்று சுமார் ஒரு கிலோவாட் அளவுக்கு உடல் வெப்பத்தை வெளிவிடும். பத்து மாடு நின்ற தொழுவம் தன்னைத்தானே சூடாக்கிக்கொண்டது. அதை ஒட்டிய சுவருக்கு அப்பால் இருந்த அறைக்கும் அதில் பங்கு கிடைத்தது. பூனை அந்த இரண்டு உலகத்துக்கும் பொதுவான குடிமகனாக இருந்தது: பகலில் பரணில் எலி பிடிக்கும், பால் கறக்கும் நேரத்தில் தொழுவத்தில் காத்திருக்கும், இரவில் விட்டால் அடுப்படிக்கு வரும்.

எங்கடீன் வீடு வேறு விதம். தடித்த கல் சுவர், உள்நோக்கிக் குறுகும் சிறு சன்னல்கள். தெருவாசலில் நுழைந்ததும் ‘சுலேர்’ எனப்படும் அகன்ற கூடம். புல் ஏற்றிய வண்டி இதன் வழியே நேராகப் பின்கட்டுக் களஞ்சியத்துக்குப் போய்விடும். மாட்டுத் தொழுவம் கீழ்த்தளத்தில். முறையாகச் சூடேற்றப்பட்ட அறை பெரும்பாலும் ஒன்றே. அதற்கு ‘ஸ்தூவா’ என்று பெயர். மலைப் பைன் பலகையால் நாலு பக்கமும் அடைத்த அந்த அறையில் குடும்பம் முழுவதும் குளிர்காலத்தைக் கழித்தது. ஜெர்மன் மொழி பேசும் பகுதிகளின் பழைய வீடுகளில் ஓடு பதித்த பெரிய அடுப்பும் அதை ஒட்டிய சூடான திண்ணையும் இதே வேலையைச் செய்தன. ஒருமுறை விறகிட்டால் மணிக்கணக்கில் வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும் அந்தத் திண்ணை இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. அதில் முதல் இடம் வீட்டுப் பூனைக்குத்தான் என்பதை யாரும் மறுப்பதில்லை. செர்ரிக் கொட்டைகளைக் கழுவிக் காயவைத்துத் துணிப்பையில் தைத்து, அடுப்பில் சூடாக்கிப் படுக்கைக்குக் கொண்டுபோகும் வழக்கமும் இவ்வீடுகளுக்கு உரியது. கிழட்டு நாயின் மூட்டு வலிக்கும் குளிர் பொறுக்காத குட்டிக்கும் அதே பையை, கைபொறுக்கும் சூட்டில், வைப்பவர்கள் உண்டு.

அந்த ஏற்பாடு கடந்த எழுபது ஆண்டுகளில் பெருமளவு மாறிவிட்டது. 1950களில் நாட்டில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பண்ணைகள் இருந்தன. இன்று 50,000க்கும் குறைவு. ஊரில் குடியிருப்பவர்களில் பலர் காலையில் ரயிலேறி நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். வேலைக்காக வளர்த்த நாயின் இடத்தில் துணைக்காக வளர்க்கும் நாய் வந்திருக்கிறது. ஏறத்தாழ 90 லட்சம் மக்கள் உள்ள நாட்டில் நாய்கள் 5 லட்சத்துக்கு மேல். பூனைகள் 20 லட்சத்தை நெருங்குகின்றன. விலங்கின் உடல் வெப்பம் வீட்டுக்குத் தேவைப்பட்ட காலம் போய், வீட்டின் வெப்பம் விலங்குக்குத் தேவைப்படும் காலம் வந்திருக்கிறது. குளிர்காலத்தில் இவற்றுக்கு யார், எவ்வளவு பொறுப்பு என்ற கேள்வி சட்டத்தின் கைக்குப் போனதும் இந்த மாற்றத்தோடு சேர்ந்து நடந்ததே.

உயிரினங்களின் மாண்பைக் காக்க வேண்டும் என்ற கருத்து 1992இல் சுவிஸ் அரசியலமைப்பில் இடம்பெற்றது. விலங்குகள் வெறும் பொருள்கள் அல்ல என்று 2003இல் உரிமையியல் சட்டம் திருத்தப்பட்டது. 2008 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் விலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் விதிகளும் உலகிலேயே மிக நுணுக்கமானவற்றுள் சேரும். குளிர்காலத்தில்தான் அவற்றின் அருமை தெரியும். நாயை நாள்தோறும் வெளியே கொண்டுபோக வேண்டும். பனி கொட்டுகிறது என்பது விலக்கு ஆகாது. கட்டிவைக்கும் நாய்க்கு நாளில் 5 மணி நேரமாவது அவிழ்த்துவிட்ட நடமாட்டம் வேண்டும். மீதி நேரத்திலும் ஓடுகம்பியில் கோத்த சங்கிலி 20 சதுர மீட்டர் இடத்தையாவது எட்டவேண்டும். வெளியே வளர்க்கும் நாய்க்குக் கூரையும் தகுந்த படுக்கையும் கட்டாயம். தனியாக வளர்க்கும் பூனைக்கு அன்றாடம் மனிதரோடு தொடர்போ, வேறு பூனையைக் காணும் வாய்ப்போ இருக்க வேண்டும். கினிப் பன்றி, பட்ஜெரிகார் கிளி போன்ற கூடிவாழும் விலங்குகளை ஒற்றையாக வைத்திருப்பது குற்றம். இணையை இழந்த கினிப் பன்றிக்குத் துணையாக இன்னொன்றை வாடகைக்குத் தரும் ஏற்பாடே இதனால் உருவானது.

தொழுவத்து மாட்டுக்கும் இதே நுணுக்கம் உண்டு. கட்டி வளர்க்கும் மாட்டைக் குளிர்காலத் தீனிக் காலத்தில் குறைந்தது 30 நாள் வெளியே விட வேண்டும். இடையில் இரண்டு வாரத்துக்கு மேல் உள்ளேயே அடைத்து வைக்கக்கூடாது. மானியத்துடன் கூடிய அரசுத் திட்டத்தில் சேர்ந்த பண்ணையாளர் குளிர்கால மாதம் ஒவ்வொன்றிலும் 13 நாளாவது விட வேண்டும். பிப்ரவரியில் பனி மிதித்து நிற்கும் மாடுகளைப் பார்த்து வெளிநாட்டவர் இரக்கப்படுவது உண்டு. உண்மையில் அந்த மாடுகளுக்கு அது நல்ல நாள்.

சட்டம் இவ்வளவு தூரம் போனபின் இன்னொரு படி போக மக்கள் இசையவில்லை. விலங்கு வதை வழக்குகளில் விலங்கின் சார்பில் வாதாட ஒவ்வொரு மாநிலமும் ஒரு வழக்கறிஞரை அமர்த்த வேண்டும் என்ற முன்மொழிவை 2010 மார்ச் 7 வாக்கெடுப்பில் 70 சதவீதத்தினர் நிராகரித்தனர். அளவுகோலை ஏற்றுக்கொள்ளும் ஊரார், அதைப் பிடித்துக்கொண்டு தொழுவத்துக்குள் நுழையும் இன்னொரு அதிகாரியை விரும்பவில்லை என்றே இதைப் புரிந்துகொள்ள வேண்டும். விளைவு, நடைமுறைச் சுமை வீட்டார் தலையிலும் அண்டை வீட்டார் கண்ணிலும் விழுகிறது. மாநிலக் கால்நடை அலுவலகம் பெரும்பாலும் யாராவது புகார் சொன்ன பிறகே வருகிறது.

நாய்களில் சுவிஸ் குளிர்காலத்தோடு உலகம் இணைத்துப் பார்க்கும் பெயர் செயின்ட் பெர்னார்ட். 2,469 மீட்டர் உயரத்திலுள்ள கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயின் மடத்துத் துறவிகள் வளர்த்த இந்த நாய்களுள் புகழ்பெற்ற பாரி, 1800 முதல் 1814 வரை வாழ்ந்தது. நாற்பது பேருக்கு மேல் உயிர்காத்ததாகச் சொல்லப்படும் பாரியின் பாடம் செய்யப்பட்ட உடல் பெர்ன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2005இல் மடம் நாய்வளர்ப்பை ‘பாரி அறக்கட்டளை’யிடம் ஒப்படைத்தது. இப்போது அந்த நாய்கள் குளிர்காலத்தைக் கணவாயில் கழிப்பதில்லை. கீழே மார்ட்டினி நகரில் கழிக்கின்றன. கோடையில் மட்டுமே மேலே போகின்றன.

ஊர்ப்புற வீட்டுக்கு உண்மையில் நெருக்கமான நாய் வேறு. பெர்ன் மாநிலத்தின் கீசென் ஊரில் 1815இல் சமவெளியின் முதல் பாலாடைக்கட்டிக் கூடம் தொடங்கியபின் அத்தகைய கூடங்கள் ஊர்தோறும் பெருகின. குதிரை வைத்துக்கொள்ள வசதியில்லாத சிறு விவசாயி பால் கேன்களைச் சிறு வண்டியில் ஏற்றி நாயைப் பூட்டி அனுப்பினார். கருமை, பழுப்பு, வெண்மை கலந்த அந்த நாய்க்குத் தனி இனம் என்ற மதிப்பை வாங்கித் தந்தவர்களுள் முதன்மையானவர் சூரிச்சின் நிலவியல் பேராசிரியர் ஆல்பர்ட் ஹைம். 1907இல் அதற்கெனச் சங்கம் உருவானது. இன்று பெர்னீஸ் மலைநாய் என்று உலகெங்கும் அறியப்படும் இது, அப்பென்செல், என்ட்லெபுக், பெரிய சுவிஸ் மலைநாய் ஆகிய மூன்று உறவினங்களோடு ஊர்களில் வாழ்கிறது. தடித்த இரட்டை மயிர் கொண்ட இந்நாய்கள் அடுப்பின் அருகைவிட வாசற்படியில் பனி மேல் படுப்பதையே விரும்பும். அவற்றை உள்ளே இழுத்து அடைப்பது கருணை ஆகாது. கிரேஹவுண்ட் போன்ற மெல்லிய மயிருள்ள நாயோ, கிழ நாயோ, குட்டியோ ஆனால் கணக்கு வேறு. அவற்றுக்கு மேலாடை அலங்காரம் அல்ல, தேவை.

டிசம்பரில் பகல் எட்டரை மணி நேரமே. காலை எட்டு மணிக்கு மேல் விடிந்து, ஐந்து மணிக்கு முன் இருட்டிவிடும். வேலைக்குப் போகும் குடும்பத்தில் நாயின் இரண்டு நடையும் இருட்டில்தான். அதனால் கழுத்துப் பட்டையில் சிறு விளக்கும் ஒளி திருப்பும் பட்டியும் கட்டுகிறார்கள். திரும்பி வந்ததும் வாசல் நடையில் ஒரு சிறு சடங்கு: காலணி கழற்றும் இடத்திலேயே பழைய துண்டும் வெந்நீர்ப் பாத்திரமும் வைத்திருப்பார்கள். சாலையில் தூவிய உப்பு பாதத்தின் வெடிப்பில் எரியும். நாய் அதை நக்கினால் வயிற்றைக் கெடுக்கும். விரலிடுக்கில் பனி உருண்டு கட்டியாகாமல் இருக்க மயிரைக் கத்தரித்து, பாதத்தில் வாசலினோ கொழுப்போ தடவுவது பலர் கடைப்பிடிக்கும் வழக்கம். பனியை விழுங்கும் நாய்க்கு இரைப்பை அழற்சி வரக்கூடும் என்பதால் அதனோடு பனியுருண்டை எறிந்து விளையாடுவதைக் கால்நடை மருத்துவர்கள் கண்டிக்கிறார்கள்.

இவற்றைவிடக் கொடிய ஆபத்து கார் நிறுத்துமிடத்தில் இருக்கிறது. வாகனக் குளிர்விப்பு நீர் உறையாமல் இருக்கச் சேர்க்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். தரையில் சிந்திய சிறிதளவை நக்கினாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும். 145 என்ற நச்சுமுறிவு அவசர எண், இரவு பகல் எந்நேரமும், மனிதருக்கு மட்டுமின்றி விலங்குகளுக்கான கேள்விகளுக்கும் பதில் சொல்கிறது. கால்நடை மருத்துவர் பனியில் வந்து சேர ஒரு மணி நேரமாகும் ஊர்களில் இந்த எண்ணைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைப்பது அறிவுடைமை.

சிறு விலங்குகளில் முயலின் நிலை விசேஷமானது. சில வீட்டில் அது குழந்தைகளின் செல்லம், சில வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறி, சில வீட்டில் குளிர்கால மாதங்களில் ஊர் மண்டபத்தில் நடக்கும் சிறுவிலங்குக் கண்காட்சியின் பரிசுப் போட்டியாளர். மூன்றும் ஒரே ஊரில் பகையின்றி இருக்கும். இலையுதிர் காலத்திலிருந்தே வெளியில் பழகிய முயல் குளிர்காலத்தை வெளியே கழிக்கலாம். குவித்த வைக்கோல், மழை படாத கூரை, தட்டுப்பாடில்லாத உலர்புல், கொறிக்க மரக்கிளை ஆகியவையே அதற்கு வேண்டியவை. கடினமான வேலை தண்ணீர்தான். கிண்ணத்து நீர் இரண்டு மணி நேரத்தில் உறைந்துவிடும். காலை, மதியம், மாலை என யாராவது வெதுவெதுப்பான நீர் கொண்டுபோக வேண்டும். ஊர்ப்புறக் குழந்தைகள் பொறுப்பு என்பதை முதலில் கற்கும் இடம் பெரும்பாலும் இந்த நீர்க்கிண்ணமே. பாதிக் குளிர்காலத்தில் இரக்கப்பட்டு முயலைச் சூடான அறைக்குக் கொண்டுவந்து மறுபடி வெளியே விடுவது அதைக் கொல்லும் வழி.

கோழிகளுக்கு ஆபத்து கொண்டையில். நெடிய கொண்டை கொண்ட சேவலுக்குக் கடுங்குளிரில் கொண்டை நுனி கருகிவிடும். இதை முன்கூட்டியே உணர்ந்து கிழக்கு சுவிஸ் வளர்ப்பாளர்கள் குளிருக்கு ஏற்ற இனத்தைத் தேர்ந்து வளர்த்தனர்: அப்பென்செல் தாடிக்கோழிக்குக் கொண்டை சிறியது, தலையோடு ஒட்டியது, தாடைத் தொங்கல் இருக்க வேண்டிய இடத்தில் இறகுத் தாடி. அருகிவிட்ட இத்தகைய இனங்களைக் காக்க 1982இல் தொடங்கிய ‘புரோஸ்பெசியேராரா’ அமைப்பு, அவற்றை விரும்பி வளர்க்கும் சாதாரண வீட்டாரை நம்பியே இயங்குகிறது. பழைய இனம் என்பது வெறும் அழகுக்கு அல்ல, அந்த மண்ணின் குளிருக்குக் கிடைத்த விடை என்பது ஜனவரியில் கோழிக்கூட்டைத் திறந்தால் விளங்கும்.

வீட்டு ஆமையின் குளிர்காலம் இன்னும் வியப்பானது. தெற்கு ஐரோப்பாவைச் சேர்ந்த ஹெர்மன் நில ஆமை சுவிஸ் தோட்டங்களில் நெடுங்காலமாக வளர்க்கப்படுகிறது. அதற்கு நாலைந்து மாத உறக்கம் தேவை. அந்த உறக்கத்துக்கு 4 முதல் 6 டிகிரி வரை மாறாத குளிரும் ஈரமான மண்ணும் வேண்டும். முன்பு கல் நிலவறை இதற்குப் போதுமானதாக இருந்தது. இன்றைய வீடுகளின் நிலவறையில் வெப்பமூட்டிக் குழாய்கள் ஓடுவதால் அது ஆமைக்குச் சூடு. ஆகவே தனியாக ஒரு குளிர்பதனப் பெட்டி வாங்கி, மண்ணும் இலையும் நிரப்பிய டப்பாவில் ஆமையை அதற்குள் வைத்து, வாரம் ஒருமுறை கதவைத் திறந்து காற்று மாற்றுகிறார்கள். கேட்பவருக்கு விநோதமாகத் தோன்றினாலும் இது சரியான முறையே. சூடான அறையில் விழித்திருக்க வைத்த ஆமை இயற்கைக்கு மாறாக வளர்ந்து நோய்ப்படுகிறது.

வீட்டு விலங்கின் பொறுப்பு வேலியோடு முடிவதில்லை. மேய்ச்சல் புல்வெளியில் கிடக்கும் நாய் எச்சத்தின் வழியே நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி மாட்டுக்குத் தொற்றினால் கன்று கருவிலேயே கலைந்துவிடக்கூடும். பனி எச்சத்தை மூடி மறைப்பதால் குளிர்காலத்தில் அலட்சியம் பெருகும். மார்ச்சில் பனி உருகும்போது அது அத்தனையும் புல்லோடு சேரும். ஊர் ஓரங்களில் நிற்கும் பச்சை நிறப் பெட்டிகளும் அவற்றில் தொங்கும் இலவசப் பைகளும் இதற்காகவே. நாய் வளர்ப்பவர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடுவே எழும் மனத்தாங்கல்களில் பல இந்தப் பையைப் பயன்படுத்தாததில் தொடங்குகின்றன. காட்டோரத்தில் இன்னொரு கடமை. ஆழ்ந்த பனியில் மானும் வரையாடும் உடம்பின் கொழுப்பைச் சிக்கனமாகச் செலவிட்டுப் பிழைக்கின்றன. துரத்தும் நாய் அவற்றைக் கடிக்கவே வேண்டாம், ஓட வைத்தாலே போதும், அவை குளிர்காலத்தைத் தாண்டாமல் போகலாம். குறிக்கப்பட்ட அமைதிப் பகுதிகளில் நாயை வாரில் பிடித்துப் பாதையை விட்டு விலகாமல் போவது இதனால் கட்டாயம்.

ஓநாயின் வருகை புதிய சிக்கல். 1995இல் இந்நாட்டுக்குள் திரும்பிய ஓநாய்கள் 2012இல் கலாண்டா மலையில் முதல் கூட்டமாகக் குட்டி ஈன்றன. ஆடுகளைக் காக்க வைத்திருக்கும் பெரிய வெள்ளைக் காவல் நாய்கள் கோடையில் மலைமேய்ச்சலில் இருப்பதால் ஊராரின் தூக்கத்தைக் கெடுப்பதில்லை. குளிர்காலத்தில் ஆடுகளோடு ஊருக்குள் இறங்கி, இரவெல்லாம் குரைக்கின்றன. மானைத் தொடர்ந்து ஓநாயும் பள்ளத்தாக்குக்கு வருவதால் அந்தக் குரைப்புக்குக் காரணமும் இருக்கிறது. ஆட்டுக்காரருக்கும் தூக்கம் கெட்ட அண்டை வீட்டாருக்கும் இடையே சமரசம் பேசுவது மலையூர் நிர்வாகத்தின் புதிய வேலைகளில் ஒன்று.

பனியால் துண்டிக்கப்படும் காலத்தில் ஊர் மறுபடி ஒன்றாகிறது. 1999 பிப்ரவரியின் பனிச்சரிவுகளில் பல பள்ளத்தாக்குகள் நாள்கணக்கில் துண்டிக்கப்பட்டன. அப்படிப்பட்ட இடங்களில் தீனியையும் மருந்தையும் வாரக்கணக்குக்குச் சேமித்து வைப்பதும், ஊரில் இல்லாதவரின் பூனைக்கு அடுத்த வீட்டார் சோறு வைப்பதும் எழுதாத ஒப்பந்தம். நத்தார் இரவில் விலங்குகள் பேசும் என்பது ஆல்ப்ஸ் மக்களின் பழைய நம்பிக்கை. அன்று தொழுவத்துக்குக் கூடுதல் தீனி கொண்டுபோகும் வழக்கம் அதோடு சேர்ந்தது. டிசினோ மாநிலத்தில் ஜனவரி 17, புனித அந்தோணியார் நாளில், விலங்குகளை ஆசீர்வதிக்கிறார்கள். எங்கடீனில் மார்ச் 1 அன்று குழந்தைகள் மாட்டுமணிகளை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்க் குளிர்காலத்தை விரட்டுகிறார்கள்.

எல்லாவற்றையும் வைத்துப் பார்க்கும்போது இந்த நுணுக்கமான பராமரிப்பின் வலையில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அது பண்ணைப் பூனை. நாய் ஒவ்வொன்றுக்கும் மைக்ரோசிப்பும் ‘அமிக்கஸ்’ என்ற நாய்த் தரவுத்தளத்தில் பதிவும் ஊர்வரியும் கட்டாயம். பூனைக்கு இவற்றில் எதுவும் நாடு தழுவிய கட்டாயமில்லை. களஞ்சியங்களில் கட்டுப்பாடின்றிப் பெருகி, சளியும் கண்நோயும் பிடித்து, குளிர்காலத்தில் மடிந்துபோகும் ஆளற்ற பூனைகள் லட்சத்துக்கும் மேல் என்று விலங்குநல அமைப்புகள் மதிப்பிடுகின்றன. வெளியே திரியும் பூனைகளுக்குக் கருத்தடையைக் கட்டாயமாக்கக் கோரி 2018இல் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு அரசிடம் கொடுக்கப்பட்டது; அது நாடு தழுவிய சட்டமாகவில்லை. கினிப் பன்றியின் தனிமையைக் குற்றமாக்கிய நாடு இதை இப்படியே விட்டுவைத்திருப்பது சரியல்ல. பகல் நீளத் தொடங்கும் ஜனவரி, பிப்ரவரியில் பூனைகளின் இனப்பெருக்கப் பருவம் தொடங்கிவிடுகிறது. சுவிஸ் விலங்குப் பாதுகாப்புச் சங்கமும் அதன் வட்டாரக் கிளைகளும் விவசாயிகளுக்குக் கருத்தடைச் செலவில் உதவுகின்றன. களஞ்சியத்தில் பூனை வைத்திருப்பவர்கள் அந்தப் பருவம் தொடங்குமுன், நடுக்குளிர்காலத்திலேயே, கால்நடை மருத்துவரிடம் நாள் குறித்துக்கொள்ள வேண்டும்.